சுழியும் கோடும்

காலை நடைக்கு வரும் எங்கள் ஐவர் குழுவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைவரை போய், அங்கே உட்கார்ந்து, ஊர் வம்பையும் உலக வம்பையும் பேசித் தீர்த்துவிட்டு எட்டு மணிக்குக் கலைவோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியைப் புரட்டிப்போட்டதே, அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. என் வீட்டு நடையில் முழங்கால் அளவு தண்ணீர். ஆனால் எங்களில் மூத்தவர் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றார். "இதெல்லாம் ஒரு மழையா? பிரெஞ்சுக்காரன் காலத்துல பேஞ்சதுல பாதி காணாது."

இதை என் பேத்தியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் வெளியூரில் காலநிலை பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். சிரித்துவிட்டு, "ஞாபகத்த வச்சு சண்ட போடாதீங்க தாத்தா. நாள்வாரி மழைக் கணக்கு 1901-லேருந்து இருக்கு. நீங்களே போட்டுப் பாருங்க" என்றாள். பொங்கலுக்கு வந்தபோது தன் பழைய மடிக்கணினியை என்னிடம் விட்டுப்போனாள். அதில் சிடிஓ என்று ஒரு கருவியைப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

கருவி என்றவுடன் படமும் பொத்தானும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கறுப்புத் திரை, அதில் கண் சிமிட்டும் ஒரு கோடு, அவ்வளவுதான். நாம்தான் தட்டச்சு செய்து ஆணையிட வேண்டும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தார் செய்தது. காலநிலைக் கோப்புகளில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சராசரி, உச்சம் என்று நூற்றுக்கணக்கான வேலைகளைச் செய்யும். இலவசம். முப்பத்தைந்து வருடம் தட்டச்சுப்பொறியோடு வாழ்ந்தவனுக்கு இந்தக் கறுப்புத் திரை ஒன்றும் பயமாக இல்லை. சொல்லப்போனால், எங்கே அமுக்குவது என்று தேடவைக்கும் கைப்பேசியைவிட இது மரியாதை தெரிந்ததாகவே பட்டது.

முதலில் அந்தக் கோப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். புனேயிலிருக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை அலுவலகம் ஆண்டுக்கு ஒரு கோப்பாக வெளியிடுகிறது. நம் பதிவேடு போல ஒரே அட்டவணை அல்ல. வரைபடத் தாளில் இந்தியாவை வரைந்து, கால் பாகைக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய மழையை எழுதினால் எப்படியோ அப்படி. குறுக்கே 135 கட்டம், நெடுக்கே 129. ஒரு நாளுக்கு ஒரு தாள், அதில் 17,415 எண்கள். 365 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஓர் ஆண்டு. மொத்தம் 63,56,475 எண்கள். (பெருக்கலைக் கையால் போட்டேன். பழக்கம் விடவில்லை.)

ஆணையின் அமைப்பு எளிது. முதலில் கருவியின் பெயர், பிறகு என்ன செய்ய வேண்டும், பிறகு எந்தக் கோப்பு, கடைசியில் விடையை எந்தப் பெயரில் எழுத வேண்டும். 'சப்' என்று போட்டு இரண்டு கோப்புகளின் பெயரைக் கொடுத்தால், முதல் கோப்பின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் இரண்டாவதில் அதே இடத்தில் இருக்கும் கட்டத்தைக் கழித்து மூன்றாவது கோப்பாக எழுதிவிடும். காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பல லட்சம் கழித்தல்கள். எங்கள் காலத்தில் இதற்கு ஒரு செக்‌ஷனே உட்கார்ந்திருக்கும், பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

பல வேலைகளைக் கோர்த்து ஒரே வரியிலும் கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைதானே நமக்கு வாழ்வு. அதனால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களை மட்டும் பிரித்தெடு, பிறகு ஆண்டுவாரியாகக் கூட்டு, பிறகு புதுச்சேரிக்கு அருகிலுள்ள கட்டத்தை மட்டும் கொடு என்று சொல்ல வேண்டும். இதை அது வலமிருந்து இடமாகச் செய்யும். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது முதல் வேலை, இடது ஓரத்தில் இருப்பது கடைசி வேலை. பேத்தி இதைச் சொல்லித்தரத் தயங்கினாள், குழம்பிவிடுவேன் என்று. அரசாங்கக் கோப்பை அடித்தாளிலிருந்து மேல்தாள்வரை படித்துப் பழகினவனுக்கு இதிலென்ன குழப்பம்?

எனக்கு மிகவும் பிடித்துப்போனது வேறொன்று. விடைக் கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பிலும், என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன ஆணை கொடுத்து இந்தக் கணக்கு போடப்பட்டது என்று கருவியே ஒரு வரி எழுதி வைத்துவிடுகிறது. அந்தக் கோப்பிலிருந்து இன்னொரு கணக்குப் போட்டால் பழைய வரி அப்படியே இருக்க, புது வரி அதன் மேலே ஏறும். யார் என்ன செய்தார்கள் என்பது கோப்போடேயே பயணம் செய்கிறது. எங்கள் அலுவலகத்தில் குறிப்புத் தாளும் இனிஷியலும் இதற்காகத்தான் இருந்தன. இருந்தும் என்ன, அதைப் பிறகு சொல்கிறேன்.

கஷ்டப்பட்டதையும் சொல்ல வேண்டும். முதல் கஷ்டம் விர்கியூல்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில் என்பது இங்கே வருபவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக் கணக்கில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். அதைத்தான் விர்கியூல் என்போம். பன்னிரண்டரை என்பதை 12,5 என்று எழுத வேண்டும். வகுத்தலில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி, ஈவை அதற்குக் கீழே எழுதுவோம். ஆங்கில வழியில் படித்தவர்கள் எங்கள் வகுத்தலைப் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது என்பார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மழை அறிக்கையில் 12,5 என்று எழுதிவிட்டேன். அதைத் தட்டச்சு செய்தவர் காற்புள்ளியைத் தூசு என்று விட்டுவிட்டு 125 ஆக்கிவிட்டார். அன்றைக்குக் கேட்ட வசவுக்குப் பிறகு புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன்.

ஐம்பது வருடம் கழித்து அது திரும்பி வந்தது. பழகிக்கொள்ளட்டும் என்று பேத்தி ஒரு வெப்பநிலைக் கோப்பும் தந்திருந்தாள். ஐரோப்பிய மையம் ஒன்றின் கோப்பு. அதில் வெப்பம் கெல்வின் அளவில் இருக்கும். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 273.15 கழித்தால்தான் நமக்குப் புரியும் செல்சியஸ். 'சப்சி' என்று அடித்து, காற்புள்ளி வைத்து, கழிக்க வேண்டிய எண்ணைக் கொடுக்க வேண்டும். விரல் தானாக 273,15 என்று அடித்துவிட்டது. தேவை ஒரு எண், வந்திருப்பது இரண்டு என்று கருவி கையை விரித்துவிட்டது. அதற்குக் காற்புள்ளி என்றால் ஒன்று முடிந்து அடுத்தது வருகிறது என்று பொருள். குறைந்தபட்சம் தூசு என்று தட்டிவிடவில்லை.

இரண்டாவது கஷ்டம் தேதி. மூத்தவரிடம் காட்ட நவம்பர் 30-ஆம் தேதிக் கட்டத்தை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் நனைந்த மழை அதில் இல்லை. அதற்குள் கோபப்பட்டு, கோப்பே தப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். மழைமானியைக் காலை எட்டரை மணிக்கு அளப்பார்கள். அதற்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேர மழை, அளந்த தேதியின் பெயரில் ஏறும். நவம்பர் 30 பகலும் இரவும் கொட்டியது டிசம்பர் 1-ஆம் தேதிக் கணக்கில்தான் இருக்கும். இருந்தது. இந்த விதி எனக்குத் தெரியாததா? பல வருடம் அந்த விதிப்படிதான் பதிவேடு பார்த்தேன்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வானிலைத் துறை அதே கணக்கை வேறொரு வடிவத்திலும் தருகிறது. அதை இந்தக் கருவிக்குப் புரிய வைக்க நாமே ஒரு விவரச் சீட்டு எழுத வேண்டும். எத்தனை கட்டம், எங்கே தொடக்கம், எந்த எண் வந்தால் 'இங்கே அளவு இல்லை' என்று பொருள் என்றெல்லாம். மழைக் கோப்பில் அந்த அடையாள எண் −999. மழை ஒருபோதும் மைனஸில் போகாது, அதனால் யாரும் ஏமாற மாட்டார்கள் என்று வைத்திருக்கிறார்கள். நான் அவசரத்தில் −99.9 என்று அடித்துவிட்டேன். போதாததற்குத் தீர்க்கரேகையை 81 என்று கொடுத்துவிட்டேன். அது வங்காள விரிகுடா. ஆண்டு மழையைக் கூட்டச் சொன்னேன். கருவி கொஞ்சமும் சந்தேகப்படாமல் −3,64,635 மில்லிமீட்டர் என்றது. 365 தடவை −999. வானத்திலிருந்து மழை பெய்யவில்லை, கடலிலிருந்து முந்நூற்றறுபத்துநான்கு மீட்டர் தண்ணீர் மேலே போயிருக்கிறது!

பேத்தியிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், "இந்தத் தப்பு நல்லது தாத்தா, கண்ணுக்குத் தெரியுது. தெரியாத தப்புதான் ஆபத்து" என்று சொல்லி ஒன்றைப் படிக்கச் சொன்னாள்.

இந்தக் கருவியில் சராசரிக்கு இரண்டு ஆணைகள் இருக்கின்றன. 'மீன்' என்று ஒன்று, 'ஆவரேஜ்' என்பதன் சுருக்கமாக 'ஏவிஜி' என்று ஒன்று. பள்ளிக்கூடத்தில் இரண்டும் ஒன்றுதான். இங்கே இல்லை. 1, 2, அளவில்லை, 3 என்று நான்கு நாட்கள் இருந்தால், 'மீன்' இருக்கும் மூன்றை மட்டும் கூட்டி மூன்றால் வகுத்து 2 என்று சொல்லும். 'ஏவிஜி' அப்படிச் செய்யாது. ஒரு நாள் தெரியவில்லை என்றால் நான்கு நாள் சராசரியும் தெரியாது என்று வெற்றிடத்தையே விடையாக வைக்கும். கூட்டலிலும் இப்படித்தான். இரண்டு கோப்புகளை 'ஆட்' என்று கூட்டும்போது ஒன்றில் அளவில்லை என்றால் விடையும் அளவில்லை. ஆனால் ஓர் ஆண்டின் நாட்களை 'சம்' வகை ஆணையால் கூட்டினால், அளவில்லாத நாட்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். வரும் கூட்டுத்தொகை முழுமையானதுபோலவே தோன்றும். எத்தனை நாள் விடுபட்டது என்று நாமாகக் கேட்டால் ஒழியத் தெரியாது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எழுபதுகளின் பிற்பாதி. நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கொம்யூன்களிலிருந்து மழைப் பதிவேடு வரும். அதைப் பார்த்து மாதாந்திர அறிக்கை தயாரிப்பது என் வேலை. மழை பெய்யாத நாளுக்குச் சுழி. மழைமானியை அளக்காத நாளுக்குக் கோடு. வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தந்த பாடம் அது. ஓர் ஐப்பசியில் ஓர் ஊரிலிருந்து வந்த பதிவேட்டில் தொடர்ந்து மூன்று நாட்கள் கோடு. மானியை அளப்பவர் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். நான் அறிக்கையில் மூன்று கோடு போட்டு மேசைக்கு அனுப்பினேன். மேலே இருந்தவர் திருப்பிக் கொடுத்தார். "கோடு போட்டா மேலேருந்து விளக்கம் கேப்பாங்க. சுழி போடு. மொத்தம் மாறப்போவுதா?"

மொத்தம் மாறவில்லை. சுழியைக் கூட்டினால் என்ன மாறும்? எங்கள் பள்ளிக்கூடத்து முசே, போட்ட கணக்கைச் சரிபார்க்க ஒன்பதால் சோதிக்கும் முறை ஒன்று சொல்லித்தந்திருந்தார். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, மிச்சம் பொருந்துகிறதா என்று பார்ப்பது. அதைச் சொல்லித்தந்த அன்றே அவர் எச்சரித்தார், சுழியை விட்டாலும் சேர்த்தாலும் இந்தச் சோதனைக்குத் தெரியாது என்று. நான் அறிக்கையில் மூன்று இடத்தில் 0.0 எழுதினேன். அந்த ஊர்ப் பதிவேட்டின் நகலிலும் கோட்டின்மேல் சுழித்தேன். இனிஷியல் போடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு மனு வந்தது. அதே ஊர், ஒரு சிறு விவசாயி. மழையில் மூழ்கி நெற்பயிர் அழுகிவிட்டது, நிவாரணம் வேண்டும் என்று. அவர் சொன்ன தேதிகள் அந்த மூன்று நாட்கள். பதிவேட்டைப் பார்த்துக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினேன், 'பதிவேட்டின்படி மேற்படி நாட்களில் மழை இல்லை' என்று. மனு தள்ளுபடி ஆனது. அவர் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு என் மேசை முன்னால் நின்று, "மழையே பேயலன்னா என் நெல்லு எந்தத் தண்ணியில சாமி அழுவுச்சு?" என்று கேட்டார். "ரிஜிஸ்தர்ல அப்படித்தான் இருக்கு" என்றேன். நான் சொன்னது பொய் இல்லை. ரிஜிஸ்தரில் அப்படித்தான் இருந்தது.

கோடாகவே விட்டிருந்தால் அவருக்குப் பணம் கிடைத்திருக்குமா? நிச்சயமில்லை. ஆனால் பக்கத்து ஊர் மானியைப் பாருங்கள் என்றோ, கிராம அதிகாரியை விசாரியுங்கள் என்றோ யாராவது எழுத வேண்டி வந்திருக்கும். சுழி அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

மறுநாள் காலை நடைக்குப் போகவில்லை. அந்த ஆண்டுக் கோப்பை இறக்கி, அந்த ஊர் விழும் கட்டத்தில் அந்த மூன்று நாட்களை மட்டும் அச்சிடச் சொன்னேன். மூன்று நாளும் மழை இருந்தது. இதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாட முடியாது. ஒரு கட்டம் என்பது ஏறக்குறைய இருபத்தேழு கிலோமீட்டர் சதுரம். சுற்றுவட்டார மானிகளின் அளவுகளைத் தூரத்துக்கேற்ப எடைபோட்டுக் கணித்த எண் அது. அதிலிருந்து ஒரு தனி ஊரின் அளவைப் பிரித்தெடுக்க எந்த ஆணையாலும் ஆகாது. கலந்த பாலிலிருந்து ஒரு மாட்டின் பாலைப் பிரிக்க முடியுமா? ஆனாலும் சுற்றிலும் மழை பெய்திருக்கிறது. அந்த ஊரில் மட்டும் வானம் வெளுத்துக் கிடந்திருக்காது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நாள் கொண்ட ஒரு சின்னக் கோப்பை நானே செய்தேன். ஏழு நாட்களுக்கு அளவு உண்டு, மொத்தம் 140 மில்லிமீட்டர். மூன்று நாட்களுக்கு −999. (நினைவில் இருந்த எண்கள் அல்ல, கணக்குக்காக வைத்தவை.) −999 என்றால் அளவில்லை என்று சொல்லிவிட்டு 'மீன்' போட்டேன். 20 வந்தது. வெற்றிடத்தைச் சுழியாக்கு என்று ஓர் ஆணை இருக்கிறது; அதைக் கொடுத்து மறுபடி போட்டேன். 14. வித்தியாசம் நாளுக்கு 6 மில்லிமீட்டர். கூட்டுத்தொகை இரண்டிலும் அதே 140. முசே சொன்னதுதான். கடைசியாக முதல் கோப்புக்கு 'ஏவிஜி' போட்டேன். எண் எதுவும் வரவில்லை, வெற்றிடக் குறிதான் வந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித்தந்த கோடு அது.

சுழியாக்கிய கோப்பின் தலைப்பைத் திறந்து பார்த்தேன். தேதி, மணி, வெற்றிடத்தைச் சுழியாக்கிய ஆணை, எல்லாம் ஒரு வரியில் இருந்தது. நான் எழுதவில்லை, அதுவாக எழுதிக்கொண்டது.

மூத்தவருடைய வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் உச்ச மழையை வரிசையாக எடுத்து அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இது இருபத்தேழு கிலோமீட்டர் கணக்கு. நான் சொல்றது எங்க தெரு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதால் நான் வாதாடவில்லை.

போன வாரம் பேத்தி வந்திருந்தாள். மடிக்கணினியில் வேண்டாத கோப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இது என்ன தாத்தா, பத்தே நாள், மூணு நாள் காலி. அழிச்சிரட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

"இதுக்கு என்னமோ பேர் வச்சிருக்கீங்களே, என்னது இது?"

"ஒரு ஊர் பேரும்மா" என்றேன்.